கூறைச் சாரி: விலை கூடியதா, பொருந்தியதா?

விற்பனையைக் கூட்டுவது எப்படி என்று வியாபாரிகள் அடிக்கடி கேட்பதுண்டு. புடவைக் கடைக்காரனான எனக்கு அதற்கான பதிலை விசுவமடுவில் ஒரு தாய் கற்றுத் தந்தார். அவர் என்னைப் பாராட்டிக் கற்றுத் தரவில்லை. என் கடைக்கு வருவதை நிறுத்தித்தான் கற்றுத் தந்தார்.

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் உள்ள விசுவமடு, 2009இல் போரினால் இடம்பெயர்ந்து பின்னர் மீளக் குடியேறிய ஊர். எங்கள் குடும்பம் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஒன்று. வாப்பா விட்டுச் சென்ற புடவை வியாபாரத்தைப் போருக்குப் பின்னர் நான் அங்கே மீண்டும் ஆரம்பித்தேன்.

ஆரம்ப நாட்களில் அந்தத் தாய் மகளோடு வந்தார். "நானா, பிள்ளைக்குக் கூறை. நல்லதாக் காட்டுங்கோ" என்றார். நானும் 'நல்லது' என்றால் விலை கூடியது என்றே எடுத்துக்கொண்டேன். அகலக் கரையும் உடல் முழுக்கச் சரிகையும் கொண்ட பாரமான பட்டை விரித்தேன். மகள் குள்ளமான, மெலிந்த பிள்ளை. அவள் ஓரத்தில் இருந்த மெல்லிய கரைப் பட்டைத் தொட்டுப் பார்த்ததைக் கண்டும் காணாதவன் போல் இருந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். பிள்ளையைக் காணவில்லை, சாரியைத்தான் கண்டேன். அவளால் நிமிர்ந்து நடக்கக்கூட முடியவில்லை. அந்தச் சாரிக்கான காசு வாரக் கட்டணத்தில் எடுத்த நுண்கடன் என்பது பிறகுதான் தெரிய வந்தது. சாரி பெட்டிக்குள் போன பின்னும் தாய் கடனைக் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு பிள்ளைகளின் கூறையும் வேறு கடையில் வாங்கப்பட்டது. ஒரு பெரிய விற்பனைக்காக நான் இரண்டு விற்பனைகளையும் ஒரு வீட்டின் நம்பிக்கையையும் இழந்தேன்.

இது சிறிய விடயமல்ல. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டிய அளவுக்குக் கடன் சுமை முற்றியிருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. இந்தியாவிலிருந்து வரும் பட்டின் விலையும் அதோடு ஏறியது. இந்த நிலையில் தவறான தெரிவு என்பது ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பாகும்.

இப்போது என் கடையில் முதலில் கேட்பது, "எவ்வளவுக்குள் பார்ப்போம்?" என்பதுதான். அந்தத் தொகைக்கு மேலான சாரியை நான் விரிப்பதில்லை.

அடுத்தது உயரம். குள்ளமான பிள்ளைக்கு அகலக் கரை உயரத்தை இன்னும் குறைத்துக் காட்டும். ஒடுங்கிய கரையும் சிறிய புட்டாவும் அவளை உயர்த்திக் காட்டும். மெலிந்தவளுக்குச் சற்று விறைப்பான பட்டு நிறைவைத் தரும். பருமனானவளுக்கு உடலோடு படியும் மென்பட்டு பொருந்தும்.

மூன்றாவது நிறம். கடையின் மின்விளக்கில் தெரியும் நிறம் வேறு, பகல் வெளிச்சத்தில் தெரியும் நிறம் வேறு. ஆகவே சாரியை வாசலுக்குக் கொண்டு வந்து தோளில் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். கறுத்த பிள்ளைக்கு அரக்கு, மயில் நீலம், கடும் பச்சை, மாம்பழ மஞ்சள் எல்லாம் எடுப்பாக இருக்கும். "வெள்ளையாகக் காட்டும்" என்று சொல்லி வெளிறிய நிறத்தைத் தலையில் கட்டுவது வியாபாரமல்ல, ஏமாற்று.

நான்காவது துணியின் உண்மை. ஓரத்து நூல் ஒன்றை எரித்துக் காட்டுவேன். பட்டு என்றால் மயிர் கருகும் மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பொலியெஸ்டர் உருகிக் கட்டியாகும். பொலியெஸ்டர் விற்பது தவறல்ல, அதைப் பட்டு என்று விற்பதே தவறு.

வாடகைக்கு எடுக்க விரும்புகிறவர்களையும் நான் தடுப்பதில்லை. கூறையை வாடகைக்கு எடுத்தவர்கள் மற்ற உடுப்புகளுக்கு என்னிடமே வருகிறார்கள்.

வாசகர்களே, எங்கள் வீடுகளிலும் இதே கதைதான். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் கூறை எடுக்கிறோம். உடுக்கப் போகிற பிள்ளையிடம் கேட்பதில்லை.

1990இல் வாப்பாவின் கடையும் சரக்கும் போயின. நான் திரும்பிப் போனபோது, "நீ அவற்ரை மகனே?" என்று கேட்டு உள்ளே அழைத்த வீடுகள் இருந்தன. அந்தப் பெயரில்தான் என் முதல் சாரிகள் விற்றன. அந்தத் தாய்க்கு நான் விற்ற சாரி அந்தப் பெயரில் ஒரு கறை. அதைக் கழுவத்தான் இன்றும் ஒவ்வொரு கூறையையும் வாசலுக்குக் கொண்டு வருகிறேன்.