அப்பாவின் கொப்பி

எங்கள் ஊரில் ‘கொப்பி’ என்ற ஒரு சொல்லுக்கே இரண்டு பொருள். பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவதும் கொப்பி, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினால் அதுவும் கொப்பி. கணினியில் ஒரு பந்தியைப் பிரதி எடுப்பதையும் நாங்கள் கொப்பி என்றே சொல்லப் பழகிவிட்டோம்.

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில், எங்கள் கொடிகாமத்து வீட்டில் அப்பாவிடம் தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்று இருந்தது. ஈழநாடு, வீரகேசரி பத்திரிகைகளில் எதிலாவது தென்மராட்சி பற்றி ஒரு வரி வந்தாலும் வெட்டி, கோதுமை மாப் பசை காய்ச்சி அதில் ஒட்டுவார். சந்தையில் தேங்காய் என்ன விலை, பலாப்பழம் கொழும்புக்கு எப்படிப் போகிறது, கச்சாய் வீதி எப்போது திருத்தப்படும் என்பதெல்லாம் அதில் இருந்தன. ஒட்டிய துண்டின் கீழே சிவப்புப் பேனையால் பத்திரிகையின் பெயரையும் திகதியையும் எழுதாமல் கொப்பியை மூடமாட்டார். “திகதி இல்லாட்டி உது வெறும் கடதாசி, தம்பி” என்பார்.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிந்தது. அதே நாட்களில் ஈழநாடு அலுவலகத்துக்கும் தீ வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு அப்பா அந்தக் கொப்பியை இன்னும் கவனமாக வைத்திருந்தார். 2000ஆம் ஆண்டு போரில் தென்மராட்சியே இடம்பெயர்ந்தபோது உடுப்பையும் காணி உறுதியையும் எடுத்தோம், கொப்பி அலுமாரியோடு நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை.

அவர் விட்ட வேலையை நான் கணினியில் செய்துவருகிறேன். இணையச் செய்திகளில் கொடிகாமத்தைக் கண்டால் அந்தப் பந்தியைக் கொப்பி பண்ணுவேன். ஆனால் கொப்பி பண்ணியதை வைத்திருக்கும் கிளிப்போர்ட் மறதிக்காரன். அடுத்ததைக் கொப்பி பண்ணியதும் முந்தியது போய்விடும். 2018 முதல் விண்டோஸ் 10இல் கடைசி 25 துண்டுகளை வைத்திருக்கும் வசதி உண்டு. கணினியை நிறுத்தித் திறந்தால், குத்தி வைக்காத துண்டுகள் அதிலும் இருக்கமாட்டா.

மருமகன் பவர்ஷெல் என்ற கட்டளை மொழியில் சில வரி ஸ்கிரிப்ட் எழுதித் தந்தான். இரண்டு விசையை அழுத்தினால் கிளிப்போர்டில் இருப்பதை எடுத்து, திகதியும் நேரமும் போட்டு, அந்த மாதத்துக் கோப்பின் அடியில் சேர்த்துவிடும். கோப்பு ஒப்சிடியன் என்ற குறிப்புச் செயலியின் அடைவுக்குள் இருப்பதால் செயலியைத் திறந்ததும் தெரியும். உலாவியிலிருந்து கொப்பி பண்ணும்போது பெரும்பாலும் அந்தப் பக்கத்தின் முகவரியும் கிளிப்போர்டுக்குள் மறைவாக வந்து நிற்கிறது. ஸ்கிரிப்ட் அதையும் எடுத்துத் துண்டின் கீழே எழுதுகிறது. அப்பாவின் சிவப்புப் பேனை செய்த வேலை அது. முதன்முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

மூன்று வாரம் கழித்துக் கோப்பைத் திறந்தேன். திகதி இருந்தது, முகவரி இருந்தது. தமிழ் இருந்த இடமெல்லாம் வரிசை வரிசையாகக் கேள்விக்குறி. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1இல் அவன் போட்ட கட்டளை, எந்தக் குறியீட்டு முறையில் எழுதவேண்டும் என்று சொல்லாவிட்டால், தமிழுக்கு இடமில்லாத பழைய முறையில் எழுதிவிடுகிறது. “மாமா, யூடிஎஃப்-8 எண்டு ஒரு சொல்லுப் போட மறந்திட்டன்” என்றான். போட்டதும் சரிவந்தது. ஆனால் கேள்விக்குறியாகிப் போன எழுத்தை மீட்க வழியில்லை. முகவரிகள் மிஞ்சியிருந்ததால் ஒவ்வொரு பக்கமாகத் திரும்பப் போய் எடுத்தேன். இரண்டு பக்கங்கள் அதற்குள் இணையத்திலிருந்தே போய்விட்டன.

பாமினி என்ற பழைய எழுத்துருவின் சிக்கல் வேறு வகை. இலங்கையில் பல ஆண்டுகளாகச் சங்க அறிக்கைகளும் கோயில் மலர்களும் அந்த எழுத்துருவில்தான் தட்டெழுதப்பட்டன. அதில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான். கொப்பி பண்ணினால் அந்தக் குப்பைதான் கோப்புக்கு வரும். ஆனால் அந்தக் குப்பைக்குள் எழுத்து பத்திரமாக இருக்கிறது. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் போன்ற மாற்றியில் இட்டால் ஒருங்குறியாக வந்துவிடும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் இருக்கும் பழைய பத்திரிகைகளோ பக்கத்தின் படங்கள். அவற்றை இன்றும் பார்த்துத்தான் தட்டுகிறேன். திகதியையும் கையாலேயே போடுகிறேன்.

இப்படி ஸ்கிரிப்ட் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கொப்பி பண்ணுவதையெல்லாம் தானாகச் சேமிக்கும்படி அமைக்காதீர்கள். நானும் ஒருமுறை அப்படி வைத்திருந்தேன். வங்கிக் கடவுச்சொல்லும் குறிப்போடு குறிப்பாகச் சேர்ந்திருந்தது. நீங்கள் விசையை அழுத்தினால் மட்டும் எடுக்கட்டும். கோப்பு வெறும் எழுத்துக் கோப்பாக இருக்கட்டும், செயலி மாறினாலும் திறக்கும். இன்னொரு பிரதி வேறு வீட்டில், முடிந்தால் வேறு நாட்டில் இருக்கட்டும். என்னுடையதில் ஒன்று மருமகனோடு கனடாவில் இருக்கிறது.

மிருசுவிலிலோ வரணியிலோ கச்சாயிலோ யாருடைய வீட்டிலாவது பழைய வெட்டுக் கொப்பி தப்பியிருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு துண்டின் கீழும் திகதி இருக்கிறதா? இல்லாவிட்டால், அதை ஒட்டியவர் இருக்கும்போதே பக்கத்தில் போய் இருந்து கேட்டு எழுதுங்கள்.