நட்சத்திரம் பார்ப்பது யாருடைய வேலை?

"உங்களுக்குள் இருக்கும் குழந்தையைத் தொலைத்துவிடாதீர்கள்" என்று உருகும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வேலை, கல்யாணம், வீட்டுக்கடன் என்று வந்த பிறகு நாம் எல்லோரும் வியப்பை எங்கேயோ மறந்து வைத்துவிட்டோமாம். ஒருநாள் மழையில் நனைந்தால் திரும்பக் கிடைத்துவிடுமாம். பேருந்தில் குடையை விட்டுவிட்டு வந்த கதையா இது? இந்த நாட்டில் கோடிக்கணக்கான பிள்ளைகளிடமிருந்து வியப்பு தொலைந்து போகவில்லை. பறிக்கப்பட்டது. யார் பறித்தார்கள், எந்த இடத்தில், எத்தனை வயதில் என்றுகூடச் சொல்ல முடியும்.

1901இல் ஒன்பது வயது பீமாராவ், கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் கிளம்பிய கதையை அண்ணல் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அதில் வரும் தீண்டாமைக் கொடுமையைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். நான் அதற்கு முந்தைய வரிகளைச் சொல்கிறேன். பயணத்துக்காகப் புதுச் சட்டை, மின்னும் தொப்பி, பட்டுக்கரை வேட்டி. கைச்செலவுக்கு இரண்டணா. ரயில் நிலையத்துக்கு வந்ததும் முதல் வேலையாக ஆளுக்கொரு பாட்டில் லெமனேட் வாங்கிக் குடிக்கிறார்கள். எந்தக் குழந்தைக்கும் உரிய குதூகலம் அது.

மசூரில் இறங்கியதும் ஸ்டேஷன் மாஸ்டர் வந்து 'நீங்கள் யார்' என்று விசாரிக்கிறார். 'மகர்' என்கிறான் சிறுவன். அவ்வளவுதான், முகம் மாறிவிடுகிறது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டிப்புக் கூலி தருகிறோம், வண்டியையும் நாங்களே ஓட்டிக்கொள்கிறோம் என்ற பிறகே ஒருவர் ஒப்புக்கொள்கிறார். அவர் பக்கத்தில் நடந்து வருகிறார். பகலில் லெமனேட் குடித்த பிள்ளைகளுக்கு அன்று இரவு முழுக்க ஒரு வாய்த் தண்ணீர் தர ஆளில்லை. தன்னம்பிக்கைப் பேச்சாளரே, இவர்களிடம் போய் 'குழந்தைமையை எங்கே தொலைத்தீர்கள்' என்று கேளுங்கள் பார்ப்போம்.

சாதி என்பதே பிறந்த அன்றே தலையில் ஏற்றப்படும் 'பொறுப்பு'தான். அப்பன் செய்த வேலையைப் பிள்ளை செய்ய வேண்டும். அதில் வியக்க என்ன இருக்கிறது, கேள்வி கேட்க என்ன இருக்கிறது? 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் இதைத்தான் அரசாணையாக்கப் பார்த்தது. கிராமத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நாளைக்கு மூன்று மணி நேரம் வகுப்பு. மிச்ச நேரம் அப்பன் தொழில். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று அம்பலப்படுத்திப் போராடினார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் அதைக் குழிதோண்டிப் புதைத்தார். புதைத்தது அப்படியே கிடந்ததா? 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் 'உதவலாம்' என்கிறது. ஆபத்தான தொழிலாக மட்டும் இருக்கக் கூடாதாம். பள்ளி விட்ட பிறகான அந்த இரண்டு மணி நேரத்தில்தானே ஒரு பிள்ளை எறும்பு வரிசையைப் பின்தொடர்ந்து போகும்?

அதே 2016 ஜனவரியில்தான் ரோகித் வெமுலாவை இழந்தோம். கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளர் ஆக விரும்பியவர், நட்சத்திரங்களை நேசித்தவர். தன் கடைசிக் கடிதத்தில் அதை எழுதினார். அதே கடிதத்தில், தனக்கு வர வேண்டிய ஏழு மாத உதவித்தொகையைக் குடும்பத்துக்குக் கிடைக்கச் செய்யுங்கள் என்றும், நண்பர் ஒருவருக்குத் தர வேண்டிய கடனைக் கொடுத்துவிடுங்கள் என்றும் எழுதினார். வியப்பையும் பொறுப்பையும் ஒன்றாகச் சுமந்த ஒரு இளைஞரின் உதவித்தொகையை நிறுத்தி வைத்திருந்தது இந்த அமைப்பு. அவருக்கு யாராவது 'குழந்தை மனதோடு இரு' என்று அறிவுரை சொல்ல வேண்டியிருந்ததா?

நம் தோழர்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. எங்கள் மாலைப் படிப்பகத்தில் ஓர் இரவு இரவல் தொலைநோக்கி வைத்து வியாழனைக் காட்டினோம். பக்கத்தில் நான்கு நிலாக்கள் புள்ளிகளாகத் தெரிந்தன. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "அங்க நின்னு பாத்தா அந்த நாலுக்கும் தனித்தனியா அமாவாசை வருமா அண்ணா?" என்று கேட்டாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு தோழர், "இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது, டிஎன்பிஎஸ்சிக்குத் தயார் பண்ணுங்க" என்றார். அவரைக் குறை சொல்வது சுலபம். அரசு வேலைதான் எங்கள் தெருவில் பல வீடுகளில் உலை ஏற்றியது. அதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் நம் பிள்ளைகளுக்கு உபயோகமான கேள்வி மட்டும் போதும் என்று நாமே முடிவு செய்தால், மனு செய்த வேலையை நாம் எளிதாக்கித் தருகிறோம் என்று அர்த்தம். பயனில்லாத கேள்வியைக் கேட்கும் உரிமையைத்தான் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு கூட்டம் தனக்கென்று வைத்திருந்தது.

நியூயார்க்கில் படித்த மூன்று ஆண்டுகளில் அண்ணல் வயிற்றைக் கட்டி ஏறக்குறைய 2,000 பழைய புத்தகங்கள் வாங்கினார் என்பது தெரிந்த செய்திதான். ஊரில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்த மனிதர் அவர். 'பொறுப்பில்லாதவன்' என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் ஆச்சரியமில்லை. அந்தப் பொறுப்பு எங்கே போனது? ரமாபாய் அம்மையார் தோளுக்குப் போனது. ஒன்பது வயதளவில் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட அந்தச் சிறுமி எதையெல்லாம் பார்த்து வியந்திருப்பார்? எந்த வரலாற்றாசிரியரும் கேட்டு எழுதவில்லை. இன்றும் எங்கள் படிப்பகத்திலிருந்து ஏழு மணிக்கே எழுந்து போகிறவர்கள் பெண் பிள்ளைகள்தான். சோறு வடிக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். தம்பிகள் எட்டரை வரை இருக்கிறார்கள். இதற்குப் பார்ப்பனியத்தை மட்டும் கைகாட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. படிப்பகத்துக்கு வரும் அப்பாக்களிடம் இதை நேராகவே பேசுகிறேன்; சிலர் கோபித்துக்கொண்டு பிள்ளையை நிறுத்தியும் இருக்கிறார்கள்.

ஆகவே மழையில் நனையச் சொல்லும் உபதேசம் எங்களுக்கு வேண்டாம். ஆய்வு மாணவர்களின் உதவித்தொகை மாதந்தோறும் முதல் வாரத்தில் வர வேண்டும். விடுதியில் படிக்க வெளிச்சமும் வயிற்றுக்குச் சோறும் வேண்டும். சேரிக்குள் நூலகம் வேண்டும், அதில் போட்டித்தேர்வு வழிகாட்டிகளோடு வானியலும் பறவைகளும் பற்றிய புத்தகங்கள் வேண்டும். 2016 திருத்தத்தில் 'குடும்பத் தொழில்' என்று விட்டுவைத்த ஓட்டையை அடைக்க வேண்டும். இருபத்து மூன்று வயதில் வீட்டுக்குப் பணம் அனுப்பத் தொடங்கிவிட்ட தோழர்களே, அந்த அமாவாசைக் கேள்விக்கு நான் இன்னும் அவளுக்குச் சரியான பதில் சொல்லவில்லை. இயற்பியல் படித்தவர்கள் யாராவது ஒரு சனிக்கிழமை எங்கள் பக்கம் வாருங்கள். ஏழு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள்.