முதல் காசு ட்ரான்ஸ்ஃபார்மருக்கு!



வால்வு ஆம்ப்ளிஃபையர் கட்டப் போகிறேன் என்றால் எல்லாரும் கேட்பது, "எந்த வால்வு? 6எல்6-ஆ, இ.எல்.34-ஆ?" என்றுதான். பவர் சப்ளையைக் கடைசியில் பார்த்துக்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கையிலிருக்கும் முதல் காசு அதற்குத்தான் போகணும்.

வால்வின் பிளேட்டுக்கு 250, 300 வோல்ட் டி.சி. வேண்டும், ஹீட்டருக்குத் தனியாக 6.3 வோல்ட். "நம்ம கரன்டே 230 வோல்ட்தானே, நேரா ஒரு டயோடு போட்டு எடுத்தா என்ன?" என்று விடுதியில் ஒரு யோசனை உலவுகிறது. கணக்கு சரிதான். 230-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 325 வந்துவிடும். ஆனால் சேசிஸும் மெயின்ஸோடு சேர்ந்துவிடுமே! இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுக்க ஃபேஸ். பழைய ஏ.சி./டி.சி. ரேடியோக்கள் அப்படி ஓடியவைதான். ஆனால் அவற்றைச் சுற்றி ஒரு பெட்டி இருந்தது. நாமோ தகரச் சேசிஸில் கட்டி, மைக்கை ஒருத்தர் கையில் கொடுக்கப் போகிறோம்.

இந்த யோசனை யாருக்கு வருகிறது? என்னைப் போலக் காசை எண்ணிச் செலவு செய்கிறவனுக்குத்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான் ஒருத்தன். "கரன்டு படிப்பாமே, பாத்துடா" என்று ஊருக்குப் போகும் போதெல்லாம் அம்மா சொல்லும். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லை, ரெக்டிஃபையர்.

5ஒய்3 வால்வு போட்டால்தான் இனிமை என்று சிலர் அடித்துப் பேசுகிறார்கள். அதற்கு 5 வோல்ட், 2 ஆம்பியரில் தனிச் சுற்று வேண்டும். கிடைப்பதோ 125 மில்லி ஆம்பியர்தான். இரண்டு 1என்4007 டயோடு சில ரூபாயில் வேலையை முடித்துவிடும். 250-0-250 சுற்றில் ஒவ்வொரு டயோடுக்கும் எதிர் வோல்டேஜ் 707. அது தாங்குவது 1000. ஒன்று மட்டும் கவனிக்கணும்: வால்வுகள் சூடாகும் வரை லோடு இல்லாததால் 350 வோல்ட் ஏறி நிற்கும். அதனால் கெபாசிடர் 450 வோல்ட் வகையாக இருக்கட்டும்.

அந்த 100 மைக்ரோஃபாரட் கெபாசிடருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று. சுவிட்சை அணைத்த ஒரு நிமிஷத்தில் 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அப்புறமும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கணும்.

மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். 250-0-250 வோல்ட், 100 மில்லி ஆம்பியர், 6.3 வோல்ட் 3 ஆம்பியரில் இரண்டு ட்ரான்ஸ்ஃபார்மர் ஆய்வகத்தில் இருந்தால், பிராஜெக்ட் செய்பவர்கள் இரவல் வாங்கிக்கொள்ளலாம். கோரும் கம்பியும் வாங்கித் தந்தால் ஆசிரியர் மேற்பார்வையில் நாங்களே சுற்றி, மெக்கர் வைத்து இன்சுலேஷன் சோதித்துக் கொடுத்துவிடுவோம்.