இரவில் அழும் நாய்க்குட்டி

மருதானையில் எமது ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். நாம் கொணர்ந்த நாய்க்குட்டி முதல் இரவு குசினியில் தனித்துக் கிடந்து அழுதது. விடியுமுன் புகையிரத நிலையத்தில் கடமையேற்க வேண்டிய அயலவர் கதவைத் தட்டி, “மாஸ்டர், அதைப் பொரளைச் சந்தையடியில் விட்டுவிடுங்கள்” என்றார்.

நாமும் குட்டியையே நொந்தோம். ஆனால், பிழை எம்முடையதன்றோ? தாயின் சூட்டில் உறங்கிய இரண்டு மாத உயிரைத் தனியறையில் அடைத்தவர் நாமே.

மறுநாள், காற்றோட்டமுள்ள மரப்பெட்டியொன்றை எமது கட்டிலருகே வைத்தோம். குட்டி எழுந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடமிருந்தாற் போதும். மிக அகன்ற பெட்டியாயின் ஒரு மூலையை அசுத்தமாக்கி மறு மூலையில் உறங்கும். பகலில் கதவைத் திறந்துவைத்து உணவை உள்ளே இட்டோம்; தண்டனையாக ஒருபோதும் அடைத்தோமில்லை. அவ்வயதுக் குட்டி ஏறத்தாழ 3 மணி நேரமே சிறுநீரை அடக்கவல்லது. ஆதலின் இரவில் இருமுறை முற்றத்திற்கு எடுத்துச் சென்று, விளையாட்டுக் காட்டாது மீண்டும் படுக்கவிட்டோம்.

பத்தாம் இரவு ஒழுங்கை முழுவதும் உறங்கியது. இப்பொழுது அயலவரே குட்டியின் சுகம் விசாரிக்கிறார். சில நாள் உறக்கத்தை ஈந்து ஓருயிரைத் தெருவிலிருந்து காக்கலாமெனின், அது பெரிய விலையன்று.