நீர்க்கரடி கற்றுத்தரும் மறுபாதிப் பாடம்

எதையும் தாங்கும் பிராணி என்று நீர்க்கரடியை எல்லோரும் புகழ்கிறார்கள். எட்டுக் கால்களுள்ள இது பெரும்பாலும் அரை மில்லிமீற்றருக்கும் சிறியது. பாசியிலும் மணலிலும் வாழ்வது. நமக்கு அக்கரையிலுள்ள மண்டபம் கடற்கரையில் கிடைத்த ஓர் இனத்துக்கு, 2023இல் கேரள ஆய்வாளர்கள் அப்துல் கலாமின் பெயரைச் சூட்டினார்கள்.

பாசியில் வாழும் நீர்க்கரடிகள் ஈரம் வற்றும்போது கால்களை உள்ளிழுத்து, சிறு பீப்பாபோலச் சுருங்கிவிடும். உடல் நீரில் பெரும்பகுதி வெளியேறி, அனுசேபம் ஏறக்குறைய நின்றுவிடும். 2007இல் இந்நிலையில் விண்வெளிக்குக் கொண்டுசெல்லப்பட்டவற்றுள் பல வெற்றிடத்தையும் தாங்கித் திரும்பின.

"பார்த்தீர்களா, பெண்பிள்ளைகளுக்கும் இந்தப் பொறுமை வேண்டும்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது பாதிப் பாடம்தான். சுருங்கிய நீர்க்கரடி உண்பதில்லை, வளர்வதில்லை, முட்டையிடுவதுமில்லை.

உறைந்தாலும் அப்படித்தான். 1983இல் அந்தாட்டிக்காவில் எடுத்த பாசியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 30 வருடங்கள் உறையவைத்திருந்து, 2014இல் நீரில் இட்டார்கள். இரண்டு நீர்க்கரடிகள் அசைந்தன. ஒன்று 20 நாட்களில் இறந்தது. மற்றது உண்ணத் தொடங்கவே இரு வாரமளவில் சென்றது. பிறகு அது 19 முட்டைகள் இட்டது, 14 பொரித்தன. நீண்ட காத்திருப்புக்கு உடல் விலை கொடுக்கிறது.

உயர்தரம் எழுதும் எங்களுக்கும் ஒரு வரட்சிக் காலம் இருக்கிறது. பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வெளியாகி, பல்கலைக்கழகம் செல்லும்வரை ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அந்நேரம் தம்பிமார், நானாமார் ஏதாவது பாடநெறிக்குப் போகிறார்கள். எங்களில் பலருக்குக் கிடைப்பது, "வீட்டில் இருங்க மகள், பிறகு பார்ப்போம்" என்ற பதில். அந்தப் "பிறகு" பலருக்கு வருவதேயில்லை.

உம்மாமாரின் பயம் எங்களுக்கு விளங்கும். பயணம், செலவு, ஊர்ப் பேச்சு எல்லாம் உண்மைதான். ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆங்கில, கணினி வகுப்புகள் உண்டு. பொது நூலகத்துக்கு ஒரு பஸ் போதும். பெரிய செலவு வேண்டாம். படிப்பு அறுந்துபோகாமல் இருந்தால் சரி.

சுருங்கிய நீர்க்கரடி தன் பொறுமையால் மட்டும் எழுவதில்லை. வெளியிலிருந்து ஒரு துளி நீர் வரவேண்டும். வாப்பாமாரே, உம்மாமாரே, அந்தத் துளியை எங்களுக்குக் காலம் தாழ்த்தாமல் தாருங்கள்.