காவலரின் துப்பாக்கிக்குக் காசு கொடுப்பது யார்?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வங்கி வாசலில் நிற்கும் காவலரைப் பார்க்காதவர் நம்மில் இல்லை. தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கி. பலர் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள், ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளைகள். அந்தத் துப்பாக்கி யாருடையது? வங்கியுடையதா? ஏஜென்சி முதலாளியுடையதா? பல இடங்களில் இரண்டும் இல்லை. அது காவலரின் சொந்தத் துப்பாக்கி! துப்பாக்கியும் லைசென்சும் கொண்டு வந்தால்தான் வேலை என்கிறார்கள் ஏஜென்சிக்காரர்கள்.

மில்லில் தறியைத் தொழிலாளியா வாங்கிப் போடுகிறான்? பஸ் டிரைவர் பஸ்ஸோடா வேலைக்கு வருகிறார்?

துப்பாக்கிக் கடை மளிகைக் கடை அல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி விற்கவும் லைசென்ஸ் வேண்டும், வாங்கவும் லைசென்ஸ் வேண்டும். ஆகவே வாங்க வருவோர் சிலரே. கடை நிலைத்து நிற்பது தோட்டா விற்பனையாலும், பழுது பார்க்கும் கூலியாலும், துப்பாக்கியைப் பாதுகாப்பில் வைக்க வாங்கும் கட்டணத்தாலும்தான். தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஒப்படைக்க உத்தரவு வருகிறது. 2019-இல் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். மிஞ்சியதைப் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொன்னார்கள்.

கடைக்காரர் மேல் நமக்குப் பகையில்லை. அவர் கணக்கு ஏட்டுக்கும் போலீஸ் சோதனைக்கும் கட்டுப்பட்ட வியாபாரி. வங்கிக் காவலுக்கான துப்பாக்கியின் விலையும், தோட்டாக் காசும், பழுதுக் கூலியும் காவலரின் அற்பச் சம்பளத்திலிருந்து போவானேன்? இதுவே நம் கேள்வி.

பண்ணையாரின் துப்பாக்கிக் கதை வேறு. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்கள் மீது நிலப்பிரபுக்களின் அடியாட்கள் துப்பாக்கியோடு பாய்ந்தார்கள். குடிசைக்குள் 44 உயிர்கள் தீக்கிரையாயின. பணக்காரன் கையில் துப்பாக்கி அதிகாரம். ஏழை தோளில் அதுவே கடன் சுமை!

நிறுவனத்தின் பெயரிலேயே லைசென்ஸ் பெற்று, காவலரை அதில் பதிவு செய்ய ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. வழி இருந்தும் நடக்காததற்குக் காரணம் முதலாளியின் லாப வெறி, சர்க்காரின் பாராமுகம்.

நாம் கோருவது இதுதான்: துப்பாக்கியை நிறுவனமே வாங்கித் தர வேண்டும். தோட்டா, பழுது, லைசென்ஸ் புதுப்பிப்புச் செலவை அதுவே ஏற்க வேண்டும். தேர்தலின்போது துப்பாக்கி ஒப்படைக்கப்பட்ட நாட்களுக்கும் முழுச் சம்பளம் வேண்டும்.

காவலர் தனியாக நிற்கிறார். அதுவே முதலாளியின் பலம். மில் தொழிலாளர்களே, விவசாயத் தொழிலாளர்களே! அவர் உங்கள் அண்ணன், உங்கள் தம்பி. அவரைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள்!