பிரேக் எண்ணெய்க்கும் வயதாகும்

“பிரேக் எண்ணெய் நிறையத்தானே இருக்கு சார்?”

பட்டறைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார். உண்மைதான், நிறைய இருந்தது. ஆனால் முதல் நாள் மாலை, கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் பாதையில், லாத்தா இஸ்கண்டார் அருவிக்குச் சற்று முன்னே, என் காரின் பிரேக் பெடல் பஞ்சுபோல அமுங்கித் தரையைத் தொட்டது. பின் இருக்கையில் என் இரு பிள்ளைகள். பெடலை விட்டு விட்டு மிதித்து, கியரைக் குறைத்து, ஒருவழியாக ஓரங்கட்டினேன். அரை மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது!

படிவம் 5 இயற்பியலில் பாஸ்கல் கோட்பாட்டுக்கு நீரியல் பிரேக்கை உதாரணம் காட்டுகிறோம். ‘அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும்’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆசிரியர்களாகிய நாங்கள் அங்கேயே நிறுத்திவிடுவது தவறு என்பேன். அந்தக் குழாய்க்குள் இருப்பது என்ன, அது எப்போது திரவமாக இருக்காது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எண்ணெய் என்கிறோமே தவிர, அது எண்ணெயே அல்ல. பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 விழுக்காடு நீர் கலந்தால் அந்த வரம்பு 140தான். டாட் 4 வகைக்கு 230, 155.

இனி ஒரு கணக்கு. 1,000 கிலோகிராம் நிறையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 98 இலட்சம் ஜூல் ஆற்றல் வெளியேற வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே காரை 25 முறை நிறுத்துவதற்குச் சமம். போட்டுப் பாருங்கள். குறைந்த கியரில் இறங்கினால் ஒரு பகுதியை இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். நானோ பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். சக்கரத்தருகே திரவம் கொதித்து ஆவியானது. ஆவி அமுங்கும், என் காலின் விசை அதை அமுக்குவதிலேயே போய்விட்டது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமானது, பெடலும் கெட்டியானது.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, “நீரை உறிஞ்சாத திரவத்தை ஊற்றினால் என்ன, சார்?” என்றாள். நல்ல கேள்வி. சிலிக்கோனால் ஆன டாட் 5 இருக்கிறது. அதில் நீர் கலக்காது. உள்ளே புகுந்த துளி தாழ்வான இடத்தில், அதாவது சூடேறும் சக்கரத்தருகே, தனியாகத் தேங்கும். அது 100 பாகையை ஒட்டியே கொதித்துவிடும், துருவும் பிடிக்கும். ஆக, உறிஞ்சும் குணம் முழுக்கக் குறையல்ல. சாதாரணக் காரில் டாட் 5ஐக் கலக்கவும் கூடாது.

குறைந்தால் ஊற்றினால் போதும் என்ற பழக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். கசிவு இல்லாமலே அளவு குறைகிறதென்றால் பெரும்பாலும் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது. மேலே ஊற்றினால் அந்த அறிகுறி மறைந்துவிடும், பழைய நீரோ உள்ளேயே இருக்கும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றச் சொல்கின்றன பல கார் நிறுவனங்கள்.

என் காருக்கு அப்போது ஏழு வயது. பராமரிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். இயந்திர எண்ணெய் மாற்றிய தேதிகள் வரிசையாக இருந்தன. பிரேக் திரவத்துக்கான கட்டம் முதல் பக்கம் முதல் கடைசி வரை காலி. உங்கள் வீட்டுக் காரின் புத்தகத்தில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது?